யார் அளவுக்குத் தைத்த சீட்

பிப்ரவரி 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பைத் தவிர. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் உங்களிடம் பேசிய அதே தொண்டையோடு பக்கத்து அறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். நாமும் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீங்களும் நானும் போனை எடுத்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்று ஆரம்பித்து எங்கே போய் நிற்போம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். போன தடவை பாப்பாதான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்தாள். எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நான் ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறேன். பழைய வண்டி. சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலையை விட்டுவிட்டு, அதே சலவைக்கூடத்துக்கு இப்போது வண்டி ஓட்டுகிறேன். பெரிய மருத்துவமனையிலிருந்து அழுக்குத் துணியை ஏற்றி வருவதும், துவைத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பு. மே மாதம் வரை எப்படி ஓட்டுகிறேன் என்று மருத்துவமனையில் பார்ப்பார்களாம். நேரம் தவறாமல் வந்தால் ஒரு வருஷத்துக்கு எழுதித் தருவார்கள். யாரைக் கேட்டு வாங்கினாய் என்று ஆரம்பிக்காதீர்கள். லைசென்ஸ் இருக்கிறது, முறையாகப் பழகித்தான் எடுத்தேன்.

இன்ஜின் தங்கமான இன்ஜின். சீட்தான் எமன். உட்கார்ந்தால் கதவுப் பக்கமாகச் சரிகிறது. அடியில் ஏதோ குத்துகிறது. சாய்மானத்துக்குப் பின்னால் உடனே இரும்புச் சுவர், அதனால் பின்னால் சாய்க்க வழியில்லை. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார வைத்த பிள்ளை மாதிரி விறைப்பாக ஓட்டுகிறேன். பின்னால் கிடக்கிற அழுக்கு மூட்டைகள் என்னைவிட சுகமாக வருகின்றன.

டாக்டர் பார்த்துவிட்டு, “சீட்ட மாத்துங்க, இல்லன்னா வண்டிய விடுங்க. ரெண்டுல ஒண்ணு. மாத்திரையக் குடுத்து இதை ஓட்ட முடியாதும்மா” என்றுவிட்டார். வண்டியை விட்டால் எனக்குப் போக இடமில்லை. மடிப்பு மேஜையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இங்குள்ள குஷன் கடைக்காரர் ஒரு தலையணையைப் போட்டு உட்காரச் சொன்னார். போட்டேன். வளைவில் திரும்பினால் தலையணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நீங்கள் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் வேலை செய்கிறீர்கள். வேலை தெரிந்தவரிடம் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்டாட்டி கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 18

பாப்பாவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. யாரைக் கேட்டு வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நீயே எழுதிவிட்ட பிறகு என்னத்தைக் கேட்பது. ஆனால் ஒன்று. பாப்பா வாராவாரம் என்னோடு பேசுகிறாள். வகுப்பில் யார் பென்சிலை யார் எடுத்தார்கள் என்பது வரைக்கும் சொல்கிறாள். வாசலில் ஒரு பிக்கப் வண்டி நிற்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? சரி, அதையும் விட்டுவிட்டேன்.

சீட்டுக்கு வருவோம். தலையணை போடச் சொன்னவன் குஷன் கடைக்காரன் இல்லை, தலையணை வியாபாரி. இனி அந்தப் பக்கமே போகாதே.

முதலில் சீட்டைக் கழற்று. முன்னால் இரண்டு போல்ட், பின்னால் இரண்டு போல்ட் இருக்கும். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திரு. உனக்குப் பொறுமை கிடையாது, ஸ்பானரை மாட்டி ஏறி மிதிப்பாய். மிதிக்காதே, உடைந்துவிடும். கழற்றியதும் தலைகீழாகப் போட்டு, உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் குறடால் வெட்டி உறையை உரி. உள்ளே என்னென்ன இருக்கிறதோ அப்படியே எனக்கு எழுது. கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே.

கதவுப் பக்கம் சரிவதற்குக் காரணம் முந்தைய ஓனர். ஆள் நல்ல கனமாக இருந்திருப்பார். இறங்கும்போது அந்த ஓரத்தில் உட்கார்ந்து சறுக்கித்தான் எல்லா டிரைவரும் இறங்குவார்கள். அந்த ஓரம் செத்துப்போயிருக்கும்.

வெந்நீர் ஒத்தடம் கொடு. டாக்டர் சொன்ன இரண்டில் மற்றதை யோசித்துப் பார்த்தாயா என்று கேட்கலாம். கேட்கவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

மூன்று போல்ட் ஒழுங்காக வந்தது. நான்காவதை மிதித்தேன். உடைந்தது. சந்தோஷமா?

சலவைக்கூடத்தில் மூட்டை ஏற்றுகிற பெரியக்கா உதவிக்கு வந்தார். இரண்டு பேரும் சீட்டைத் தூக்கி வாசலில் போட்டு உரித்தோம். தெருவே வந்து சுற்றி நின்றது, ஆளுக்கு ஒரு யோசனை சொன்னது. ஒருவரும் குறடைத் தொடவில்லை.

கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். மேலே கறுப்பு ரெக்சின். அதை உரித்தால் அடியில் இன்னொரு ரெக்சின், பழுப்பு. அதற்கு அடியில் மடித்து வைத்த போர்வை. போர்வைக்கு அடியில் அட்டைப் பெட்டியைக் கிழித்து அடுக்கியது. அப்புறம்தான் ஃபோம். அது ஃபோமாகவே இல்லை, தொட்டால் மஞ்சள் மாவாக உதிர்கிறது. கடைசியில் ஸ்பிரிங். இரண்டு ஸ்பிரிங் உடைந்து, கரண்ட் ஒயரால் கட்டிவைத்திருக்கிறது. அதில் ஒன்றின் முனைதான் நிமிர்ந்து நின்று இத்தனை நாள் என்னைக் குத்தியிருக்கிறது. இது தவிர ஒரு சீப்பு, கொஞ்சம் சில்லறை, கைக்குழந்தையின் ஒற்றைக் காலுறை.

வந்த ஓனர் ஒவ்வொருவரும் முந்தைய ஆள் போட்டதை எடுக்காமல் அதன் மேலேயே தன் பங்கைப் போட்டு மூடியிருக்கிறார். பெரியக்கா பார்த்துவிட்டு, “எங்க வீட்டுச் சண்டையும் இப்படித்தாண்டி, ஒண்ணையும் தீக்கிறதில்ல, மேல மேல போட்டு மூடிட்டு உக்காந்துக்கிறது” என்றார். எனக்கும் நம் வீடுதான் ஞாபகம் வந்தது. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

எல்லாவற்றையும் குப்பையில் போட்டாயிற்று. இப்போதைக்குச் சட்டத்தின் மேல் ஒரு பலகையை வைத்து, கம்பளியை மடித்துப் போட்டு ஓட்டுகிறேன். குத்தல் இல்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் பல்லெல்லாம் ஆடுகிறது. மருத்துவமனைக்கு ஒரு நாள்கூட நேரம் தவறவில்லை. வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துவிடுகிறேன், பாப்பாதான் முதுகில் ஏறி மிதிக்கிறாள்.

அடுத்து என்ன செய்யட்டும்? அளவு வேண்டுமென்றால் சொல்லுங்கள். டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மார்ச் 11

பாப்பாவின் அம்மாவுக்கு,

டேப்பை உள்ளே வை. எங்கள் பட்டறை ஸ்டோர்கீப்பர் உன் வண்டி மாதிரியே ஒரு வண்டி வைத்திருக்கிறார். சட்டத்தின் அளவை அதிலேயே எடுத்துவிட்டேன். உட்காருகிற ஆளின் அளவு எனக்குத் தெரியாதா என்ன? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு டேப் எதற்கு?

நானே செய்து அனுப்புகிறேன். அங்கே எவனிடமும் கொடுக்காதே. ஸ்பிரிங் இனி வேண்டாம், சட்டத்தின் குறுக்கே இழுத்துக் கட்ட நல்ல ரப்பர் பட்டை அனுப்புகிறேன். அதன் மேல் இரண்டு அடுக்கு ஃபோம், அடியில் கெட்டி, மேலே மெத்து. பஸ்ஸில் பயணிகளுக்குப் போடுகிற ஃபோம் இல்லை, டிரைவர் சீட்டுக்குப் போடுவது. எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் அமுங்காது. சாய்மானத்தில் நடு முதுகுக்கு ஒரு புடைப்பு வைக்கிறேன், அது முதுகைத் தாங்கும்.

பிக்கப் வண்டியில் எல்லாம் சீட்டின் முன்பக்கம் தாழ்ந்திருக்கும். தொடை அந்தரத்தில் நிற்கும், பாரமெல்லாம் இடுப்பில் விழும். அதனால் மாட்டும்போது முன்பக்க போல்ட் இரண்டுக்கும் அடியில் கனமான வாஷர்களை அடுக்கி முன்பக்கத்தைத் தூக்கிவிடு. வாஷரும் பார்சலில் இருக்கும்.

வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் நின்று செய்துகொண்டிருக்கிறேன். மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார். “யாருக்குப்பா இவ்ளோ இழைக்கிற? மொதலாளி வண்டிக்குக்கூட நீ இப்படித் தச்சதில்லயே” என்றார். வீட்டுக்கு என்றேன்.

இந்த மாடலில் கிளட்ச் கனம். காலமெல்லாம் மிதிக்க உன்னால் முடியாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 30

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. பஸ்ஸில் கொண்டுவந்தவர், “என்னம்மா இது, கட்டிலா?” என்று கேட்டுக்கொண்டே இறக்கிவைத்தார்.

எவ்வளவு அழகு! கருநீலத்தில், ஓரமெல்லாம் இரட்டைத் தையல் ஓட்டி. தெருவில் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை. பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். நான் மாட்டி முடித்து ஏறி உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெக்சின் வாசனை கண்ணைக் கரிக்கிறது என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நீங்கள் சொன்னபடி வாஷர் வைத்து முன்பக்கத்தைத் தூக்கியிருக்கிறேன். குத்தல் இல்லை, சரிவு இல்லை. கால் மட்டும் கொஞ்சம் எட்டாத மாதிரி இருக்கிறது, கிளட்ச்சை நுனிக்காலால் அழுத்துகிறேன். புதுச் செருப்பு மாதிரி ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அறையில் ஆறு பேர் என்று பாப்பா சொன்னாள், தூக்கம் எப்படி?

அன்புடன்,
பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 16

பாப்பாவின் அப்பாவுக்கு,

மருத்துவமனை வாசலில் வண்டியை இடித்துவிட்டேன்.

யாருக்கும் அடியில்லை. துணி தள்ளுகிற டிராலி ஒன்று நசுங்கியது, வண்டிக்கு முன்னால் ஒரு விளக்கு போயிற்று. முட்டிக்குக் கீழே கால் மரத்துப்போயிருந்தது. பிரேக்குக்காகச் சீட்டில் சறுக்கி இறங்க வேண்டியிருந்தது, அதற்குள் நேரமாகிவிட்டது. துணிப் பொறுப்பில் இருக்கிற நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற வண்டி பாத்துக்குவோம். டிராலி போச்சுன்னா வாங்கிக்கலாம், ஆளு போனா?” என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அதுவரை கோளாறு என்னிடம்தான் என்று இருந்தேன். நீங்கள் தைத்த சீட்டில் குறை இருக்குமா? சீட்டை அதன் அடி ரெயிலில் முன்னால் தள்ளிப் பார்த்தேன், ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. முதுகுப் புடைப்பு தோள்பட்டையில் உறுத்தியது. எனக்குத்தான் உட்காரத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு மாற்ற மெக்கானிக்கிடம் போனேன். வளர்ந்த ஆள், உங்கள் உயரம் இருப்பார். வண்டியை உள்ளே எடுக்க ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. காலை நீட்டினார், சாய்ந்து பார்த்தார். “யாருக்கா இதத் தச்சது? எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கே!” என்றார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து உங்கள் பழைய பேன்ட்டை எடுத்தேன். சீட்டின் மேல், ஆள் உட்கார்ந்த மாதிரி மடக்கி வைத்தேன். முட்டி வந்து சீட்டின் விளிம்பில் அச்சாக நின்றது. பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். சீட் என் முட்டியையும் தாண்டிப் போகிறது. கால் தரையைத் தொடாமல் பாப்பா நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தொங்குகிறது.

இது உங்கள் சீட்.

தெரியாமல் நடந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். நாம் நடத்திய குஷன் கடைக்கு வருகிற ஆள் வாசற்படி ஏறுவதற்குள் அவர் அளவைச் சொல்லிவிடுவீர்கள். நான் டேப்போடு நின்றேன். வேண்டாம் என்றது நீங்கள். அன்றைக்கு நம் கடையின் மூன்று சக்கர வண்டியை நான் சுவரில் லேசாக உரசினதற்கு, ஊர் பார்க்க என்னைக் கீழே இறக்கிவிட்டு நீங்கள் ஏறி உட்கார்ந்தீர்கள். அந்தச் சண்டையில்தான் கடையைப் பூட்டிவிட்டுப் போனீர்கள். இப்போது இத்தனை தூரத்திலிருந்து, பார்சலில், அதையேதான் செய்திருக்கிறீர்கள்.

யாருக்குத் தைத்தீர்கள்? ஒரு வரி பதில் போதும்.

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 26

பாப்பாவின் அம்மாவுக்கு,

எனக்கு.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மிச்சத்தையும் எழுதினால்தான் எனக்கு ஆறும்.

ஃபோமை வெட்டும்போது உன்னை நினைத்துத்தான் வெட்டினேன். கை என் அளவுக்கு வெட்டியிருக்கிறது. தைத்து முடித்து, ஸ்டோர்கீப்பர் வண்டியில் வைத்துச் சோதித்துப் பார்க்க ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு பொருத்தம். யார் உட்கார்ந்து பொருந்துகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பிரித்துத் திரும்பத் தைத்திருக்கலாம். தைக்கவில்லை, கட்டி அனுப்பிவிட்டேன். உனக்குக் கால் எட்டாது என்று தெரியும். இடிக்கிற அளவுக்குப் போகும் என்று நினைக்கவில்லை. அதைப் படித்ததிலிருந்து கை வேலையில் நிற்கவில்லை.

பட்டறையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். மே கடைசியில் கிளம்புகிறேன். இங்கே ஆறு பேர் குறட்டையில் படுத்து எழுந்தது போதும். நான் யோசித்தது இதுதான். நான் வந்து வண்டியை ஓட்டுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து மருத்துவமனைக்காரர்களிடம் பேசுவது, துணி கணக்குப் பார்ப்பது எல்லாம் பார்த்துக்கொள். உன் இடுப்பும் பிழைக்கும், வண்டியும் நிற்காது. டாக்டர் சொன்ன இரண்டும் தீர்ந்தது. இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் உன்னை இறக்கிவிடவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறேன்.

அந்த சீட்டை மட்டும் வெட்டாதே. வெட்டிய ஃபோமை எந்தப் பசை போட்டாலும் பழையபடி ஆகாது. ஒரு மாதம் பொறுத்துக்கொள். அதுவரை கழற்றி வைத்துவிட்டுப் பலகையைப் போட்டு ஓட்டு. மீறி வெட்டினால், நான் வர வேண்டாம் என்று நீ சொன்னதாக எடுத்துக்கொள்வேன்.

பாப்பாவின் அப்பா


மே 5

அன்புள்ள உங்களுக்கு,

வெட்டிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் காய் நறுக்குகிற நீளக் கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தேன். முன்பக்கத்தில் முட்டி மடங்குகிற இடத்தை உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பென்சிலால் கோடு போட்டு வெட்டினேன். புடைப்பைப் பிரித்துக் கீழே இறக்கித் தைத்தேன். வாஷர்களைக் கழற்றிவிட்டேன். ரெக்சினைக் கையாலேயே தைத்தேன், தையல் கோணல்மாணலாக இருக்கிறது. நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஊசி விரலில் ஏறி இரண்டு நாள் ஸ்டியரிங்கைக் கட்டுப் போட்ட கையோடு பிடித்தேன். வெட்டும்போது மனசு கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்த ஒன்று இந்த வீட்டில் வேறு இல்லை.

இப்போது கால் முழுசாக பிரேக்கில் உட்காருகிறது. இடுப்பு வலி இல்லை. நம்புங்கள், மாலையில் வந்து தரையில் படுக்காமல் நேராக அடுப்படிக்குப் போனேன். பாப்பா, “ஏம்மா, இன்னைக்கு மிதிக்க வேணாமா?” என்று ஏமாந்துபோனாள்.

நகர்ந்து உட்காரச் சொல்வதில் என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். காலியாக இருந்த சீட்டுக்கு நீங்கள் வருவதாக நினைத்துக்கொண்டீர்கள். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பலகை மேல் உட்கார்ந்து, பல் ஆட ஆட ஓட்டி, ஒரு நாளும் நேரம் தவறாமல் அந்த மருத்துவமனை வாசலில் போய் நின்றது நான். இடுப்பு வலிக்கிறது, சீட்டைச் சரிசெய்து கொடுங்கள் என்றுதான் கேட்டேன். வண்டியை ஓட்டிக்கொடுங்கள் என்று கேட்கவே இல்லை. இது எனக்குப் பிடித்த வேலை. காலையில் சாவியைத் திருகினதும் எனக்கு வருகிற சந்தோஷத்தை உங்களிடம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வெட்டினால் வர வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வேன் என்றீர்கள். எனக்கும் சேர்த்து நீங்களே அர்த்தம் சொல்லாதீர்கள், என் வாயிலிருந்து கேளுங்கள். வாருங்கள். பாப்பாவுக்காக மட்டும் சொல்லவில்லை, நீங்கள் இல்லாமல் எனக்கும் வீடு வீடாக இல்லை. மூட்டை ஏற்ற, இறக்க இன்னொரு ஆள் வேண்டும், பெரியக்காவைத் தினமும் கெஞ்ச முடியாது. கடையைத் திறந்தாலும் சரி, என்னோடு வந்தாலும் சரி. என்னோடு வந்தால் பக்கத்து சீட்தான். அதை நான் இன்னும் பிரிக்கவே இல்லை, உள்ளே எந்த ஓனர் என்ன போட்டிருக்கிறாரோ. உங்கள் அளவுக்கு நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். வண்டி நான்தான் ஓட்டுவேன். இதில் பேச்சே கிடையாது.

அன்புடன்,
நான்


மே 28

அன்புள்ள உங்களுக்கு,

பதில் இல்லை. பாப்பா ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாளாம். “பாக்கலாம்டா” என்றீர்களாம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தலையை வாரிவிட்டேன்.

மருத்துவமனையில் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸம்மா கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தச் செய்தியை முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எழுதிவிட்டு, எழுதியிருக்க வேண்டாமோ என்றும் இருக்கிறது.

கோபமாக இருந்தால் கோபத்தையே எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நான்


ஜூன் 8

அன்புள்ள உனக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்து, ஒரு தடவை சட்டையோடு துவைக்கவும் போய், மடிப்பில் கிழிந்துவிட்டது. கோபம்தான். இல்லை என்று எழுத மாட்டேன். நான் தைத்ததை இதுவரை ஒருவரும் வெட்டியதில்லை, அதுவும் காய் நறுக்குகிற கத்தியால். உன் வண்டியை நீயே வைத்துக்கொள் என்று ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, தபாலில் போடவில்லை.

ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். “அப்ப வீட்டுல டிரைவர் வேலை காலி இல்லன்னு சொல்லு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சொல்லும்போது குரல் கொஞ்சம் பெருமையாகத்தான் வந்தது, அதை மறைக்க முடியவில்லை.

போன வாரம் கட்டி முடித்த பஸ் ஒன்றைச் சோதனை ஓட்டத்துக்கு எடுத்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் ஒற்றை சீட், நான் தைத்ததுதான். அந்த மாதிரி எத்தனையோ தைத்து அனுப்பியிருக்கிறேன், ஒரு நாளும் அதில் உட்கார்ந்து போனதில்லை. அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன். மோசம் என்று சொல்ல முடியாது. ரோடு முழுக்கத் தெரிகிறது. ஓட்டுகிறவனுக்குக் கண்ணில் படாத கடை, பலகை, மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் என்று எல்லாம் தெரிகிறது. உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேலைதான் இல்லை.

வேலையை விடுவதாகச் சொன்னதை நான் மாற்றவில்லை. புது ஆளுக்குப் பழக்கிவிட்டுப் போகச் சொல்லி ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். பாப்பாவிடம் நானே ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

உன் கையால் போட்ட தையல் தாங்காது, மழைத் தண்ணீர் இறங்கி ஃபோம் வீணாகும். வந்து சரிசெய்து தருகிறேன். நீ சீட்டில் உட்கார்ந்திரு, நான் கீழே நின்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்கிறேன். பக்கத்து சீட்டைப் பிரித்து, அடிச்சட்டத்துக்கும் பின்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து எழுது. எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த பஸ்ஸில் முன்னால் ஏதாவது குறுக்கே வந்தபோதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. அங்கே பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியும், கால் கேட்கவில்லை. டிரைவர் பார்த்துவிட்டு, “என்னண்ணே, என்னை ஓட்ட விடமாட்டீங்க போல” என்றார். நான் வாயையே திறக்கவில்லை. உன் வண்டியிலும் வாயை அடக்கிக்கொள்வேன். காலுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது, இந்த வயதில் அது எப்போது திருந்துமோ. அது அழுத்தினால் நீ பார்க்காத மாதிரி ஓட்டு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்